ராடு உருவும் நேரம்

இவ்வளவு காற்றை யார் கேட்டார்கள்? மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, பின்மண்டையில் பட்டை போட்டு இறுக்கி, இந்த முகமூடி வழியாக மிஷின் ஊதிக்கொண்டே இருக்கிறது. நான் இழுத்தாலும் ஊதுகிறது, இழுக்காவிட்டாலும் ஊதுகிறது. ஓரத்தில் கசிகிற காற்று கண்ணில் பட்டுத் தண்ணீர் வருகிறது. நர்ஸ் கௌசல்யா வந்து, "அழுவாதீங்கய்யா, இன்னைக்குப் பார்த்துட்டா எல்லாம் தெரிஞ்சுரும்" என்று துடைத்துவிட்டுப் போகிறாள். நான் அழவில்லை அம்மிணி, காற்று கசிகிறது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வாய் இருக்கிறது, அதன்மேல் காற்று உட்கார்ந்திருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பூமிக்குள் காற்றடித்து ஆழ்துளைக் கிணறு போட்டுப் பிழைத்தவன் நான். திருச்செங்கோட்டுப் போர்வண்டிக்காரன் செங்கோடன் என்றால் ராய்ச்சூர் வரைக்கும் தெரியும். வண்டியில் இருக்கிற கம்ப்ரெஸர் காற்றை ராடு என்கிற இரும்புக் குழாய் வழியாக உள்ளே தள்ளும், கீழே அதன் முனையில் இருக்கிற சுத்தியல் பாறையை உடைக்கும், உடைத்த மாவைக் காற்றே மேலே தூக்கிக்கொண்டு வந்து கொட்டும். முதலில் செம்மண், அப்புறம் சுக்காங்கல், அப்புறம் வெள்ளை மாவு. மாவு ஈரமாக வந்தால் சுற்றி நிற்கிறவர்கள் முகமெல்லாம் மாறும். அந்த மாவுதான் இத்தனை வருஷமும் என் நுரையீரலில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று, இங்கே சேர்த்த அன்றைக்கே டாக்டரம்மா மெர்சி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிச் சொன்னார். அதன்மேல் நிமோனியா. மூச்சுக்காகத்தான் வந்தேன். மூச்சு விட முடியவில்லை என்றுதான் என் பெண்டாட்டி பாவாயி என்னைக் காரில் தூக்கிப்போட்டு ஈரோட்டுக்குக் கொண்டுவந்தாள். நெஞ்சு வலிக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கேட்காத இதயத்தை இவர்கள் எங்கிருந்து இழுத்து வந்தார்கள்?

இன்றைக்குக் காலையில்தான் அந்தப் பேச்சு. தரை துடைக்கிற மருந்து வாசம் வந்ததால் காலை என்று தெரியும், இல்லாவிட்டால் இந்த ஐசியூவில் பகலும் ஒன்றுதான் இரவும் ஒன்றுதான். என் கால்மாட்டில் இரண்டு டாக்டர்களும் நின்றார்கள். இந்த வார்டைப் பார்க்கிற மெர்சியம்மா ஒரு பக்கம், இதய டாக்டர் சிபி ஒரு பக்கம். படுத்துக் கிடக்கிறவனுக்குக் காது கேட்காது என்று டாக்டர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு போல. "மல்லாக்கப் படுக்க வெச்சா இவரு மூச்சு தாங்காது சிபி. கிட்னி வேற சரியில்ல. அந்தச் சாயத்த உள்ள விட்டா இருக்கறதும் போயிரும். நிமோனியா கொஞ்சம் இறங்கட்டுமே" என்றார் அந்தம்மா. "மேடம், ரத்தத்துல ஹார்ட் என்சைம் ஏறிக்கிட்டே போகுது. ஈசிஜி மாறியிருக்கு. எக்கோல பாதி இதயம் அசையவே மாட்டேங்குது. அடைப்பா இருந்து நாம காத்துக்கிட்டு இருந்தா, நிமோனியாவுக்கு முந்தி ஆள் போயிருவாரு." "காய்ச்சல் வேகத்துலயே இதயம் இப்படிச் சோர்ந்து போறது உண்டுல்ல? இந்த வார்டுல எத்தன பேருக்குப் பார்த்திருக்கோம்." "உண்டு மேடம். ஆனா இது அதுவா, அடைப்பானு வெளிய இருந்து சொல்ல முடியாது. உள்ள போய்ப் பார்த்தாத்தான் தெரியும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் வசனம். நாற்பது வருஷமாக நான் காடு காடாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வசனம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார், தேங்காய் நிமிரும், இங்கே போடுங்க என்பார். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். வருமுங்களா என்பார். வெளியே இருந்து சொல்ல முடியாதுங்க, உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பேன். எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன், வெற்றிலை மென்றுகொண்டே.

பிறகு சிபி டாக்டர் குனிந்து என் காதருகே சத்தமாகப் பேசினார். "அய்யா, கை மணிக்கட்டுல ஊசி போட்டு, சன்னமா ஒரு குழாயை ரத்தக் குழாய் வழியா இதயம் வரைக்கும் கொண்டு போவோம். சாயம் விட்டுப் படம் எடுப்போம். ஆஞ்சியோன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அடைப்பு இருந்தா அங்கயே ஸ்டென்ட் வெச்சுத் திறந்து விட்டுட்டுத்தான் வெளிய வருவோம், நேரமானாலும் பயப்பட வேண்டாம். ஆபத்து இருக்கு, மறைக்கல. போலாமுங்களா?" நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று அப்போதிருந்து யோசிக்கிறேன். பக்கத்தில் மெர்சியம்மா வேண்டாம் என்ற முகத்தோடுதான் நின்றிருந்தார். அவரைப் பார்த்து ஒரு தடவை இல்லை என்று ஆட்டியிருந்தால் இந்நேரம் கட்டிலோடு கிடந்திருக்கலாம். ஆனால் கேட்கிற ஆள் அப்படிக் கேட்டால் தலை தானாக ஆடிவிடுகிறது. எண்ணூறு அடி தாண்டி மாவு வறட்டு மாவாகவே வரும்போது நான் வண்டியிலிருந்து இறங்கிப் போய், இன்னும் போடலாமுங்களா என்று கேட்பேன். காட்டுக்காரர் தலையாட்டுவார். வேண்டாம் என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. இத்தனை தூரம் வந்த பிறகு அடுத்த அடியில் இருக்குமோ என்கிற ஆசை கிடையாது அது. வேண்டாம் என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும். அது அந்த நேரத்தில் இருக்காது. எனக்கும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எப்போதும் சத்தம் போட்டே வாழ்ந்தவன் என்பதால் பயம் என்பது எனக்கு இவ்வளவு அமைதியாக வரும் என்று நினைக்கவில்லை. வயிற்றுக்குள் ஐஸ் கட்டி வைத்ததுபோல் ஒரே இடத்தில் இருக்கிறது, கரையவும் இல்லை.

காளியண்ணன் மச்சானை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று சொன்னதும் வந்து நிற்கிறார், வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, கையில் சாவிக்கொத்து. பாவாயிக்கு மூத்தவர். அவரையும் இப்படித்தான் உள்ளே கொண்டு போனார்கள், வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. நேரமாகும் என்றார்கள். நாங்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய செருப்பை யார் கையில் வைத்திருப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். வாங்கிய டீ ஆறுவதற்குள் வெளியே கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குள்ளாகவா என்று பாவாயி எழுந்தாள், சிரித்த முகமாகத்தான் எழுந்தாள். கட்டிலைத் தள்ளி வந்தவர்கள் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதயத்துக்குப் போகிற மூன்று குழாயும் முழுக்க அடைத்துப் போய்விட்டது, திறக்க வழியில்லை என்று டாக்டர் அப்புறம் வந்து சொன்னார். அந்த வாரமே மச்சான் போய்ச் சேர்ந்தார். டாக்டர் வந்து சொல்லும் முன்பே எனக்கு எப்படித் தெரிந்தது என்று பாவாயி கேட்கவில்லை, ஏனென்றால் அவளுக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் தண்ணீர் இல்லாத குழியை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தச் சொல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அடுத்த ஊருக்கும் கூடவே வரும் என்பது பழக்கம். காட்டுக்காரர்களும் கேட்கக் கூடாது. கம்ப்ரெஸர் நிற்கும். திடீரென்று காக்கா கத்துவது கேட்கும். ஆட்கள் பேசாமல் ராடை ஒவ்வொன்றாக உருவி வண்டியில் அடுக்க ஆரம்பிப்பார்கள், ஒருத்தரும் காட்டுக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ராடு உருவுகிற சத்தம்தான் செய்தி. தண்ணீர் வந்த குழியில் ஒரு மணி நேரமாவது காற்றடித்துக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவோம். வறண்ட குழியில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

மெதுவாக முடியட்டும். சாமி, இன்றைக்கு என் வேலை மெதுவாக முடியட்டும். அடைப்பு இருக்கட்டும், ஒன்றோ இரண்டோ இருக்கட்டும், திறக்க முடிகிற அடைப்பாக இருக்கட்டும். பார், அடைப்பை வேண்டிக்கொள்கிறேன். மலைமேல் இருக்கிற அர்த்தநாரீசுவரர் இத்தனை வருஷத்தில் எத்தனையோ வேண்டுதல் கேட்டிருப்பார், இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார். மிஷின் ஊதுகிறது. திரையில் பச்சைக் கோடு ஓடுகிறது. அது கொஞ்சம் தடுமாறினாலும் எனக்கு உள்ளங்கால் வேர்க்கிறது. இதுவரை இதயம் இருக்கிறதா என்று கூட நான் கவனித்தது கிடையாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்வரை யார் கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள்? இப்போது ஒவ்வொரு துடிப்பையும் காது கொடுத்துக் கேட்கிறேன். கேட்கக் கேட்க அது சரியில்லாமல் ஆகிறது. கவனிக்காமல் இருந்தால் சரியாக ஓடுமோ என்று கவனிக்காமல் இருக்கப் பார்க்கிறேன், அப்போது நின்றுவிட்டதோ என்று பயந்து திரும்பவும் கவனிக்கிறேன். பாதி இதயம் அசையவில்லையாம். எந்தப் பாதி? அசையாத பாதி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது, தூங்குகிறதா, செத்துவிட்டதா? மகன் ரயிலில் வந்துகொண்டிருக்கிறான். ஜோத்பூர் பக்கம் போர்வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருகிறான். வரட்டும், ஆனால் எதற்காக வரச் சொன்னார்கள் என்று நினைத்தால் வராமலேயே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

பாவாயியைக் காலையில் உள்ளே விட்டார்கள். மேலே பச்சை அங்கி, தலையில் குல்லா, செருப்பு இல்லாத கால். வந்து என் காலைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "ஏனுங் மாமா, காலு இப்பிடிச் சில்லுனு கெடக்குது" என்றாள் நர்ஸைப் பார்த்துக்கொண்டு. அப்புறம் சிபி டாக்டரிடம் போனாள். "ஏனுங் டாக்டர், ஒண்ணும் ஆயிப்போயிராதுங்ளே?" "பார்த்துக்கறோம்மா. தைரியமா இருங்க." "தைரியமெல்லாம் இருக்குதுங். எங்கண்ணனுக்கும் இதேதானுங் பண்ணாங்க" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். நான் பேசினால் நிறுத்த மாட்டேன், அவள் நிறுத்திக்கொள்வாள். கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒரே வண்டிதான். ராய்ச்சூரில் வேலை பார்க்கும்போது சமையல்காரன் சொல்லாமல் ஓடிவிட்டான், ஆட்களுக்குச் சோறு இல்லை. என் அம்மா கத்தியும் கேட்காமல் பாவாயி மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். லாரிக்கு அடியில் தார்ப்பாய் கட்டி அடுப்பு வைத்தாள். கம்ப்ரெஸர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது, எங்களுக்கு எல்லாம் கைச்சாடைதான். விரலைச் சுழற்றினால் இன்னொரு ராடு ஏற்று. முஷ்டியை மூடித் தூக்கினால் காற்றை நிறுத்து. ஐந்து விரலையும் மொட்டாகக் குவித்து மேல்நோக்கி மலர்த்தினால் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டே வாரத்தில் எல்லாச் சாடையும் படித்துக்கொண்டாள். ஒரு நாள் நான் வண்டிமேல் நின்று லீவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. அவள் தூரத்தில் அடுப்பு முன்னால் எழுந்து நின்று, கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, தலைக்குமேல் கையை உயர்த்தி விரலை மலர்த்தி மலர்த்திக் காட்டினாள். திரும்பிப் பார்த்தால் மாவு நனைந்து கறுத்து ஒழுகுகிறது. எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் வீட்டிலும் அந்தச் சாடைகள் தங்கிவிட்டன. விருந்தாளிகள் முன்னால் நான் பேசிக்கொண்டே போனால் கதவுக்குப் பின்னால் நின்று முஷ்டியை மூடித் தூக்குவாள். காற்றை நிறுத்துங்க. நான் இல்லாமல் போனால் அவள் யாருக்கு முஷ்டியைக் காட்டுவாள்? அதுவும் போகட்டும், வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டரை இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டினால்தான் ஓடும், அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் பெண்டாட்டி குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவாளோ என்று இப்போது அழுகையே வருகிறது. கௌசல்யா துடைக்கட்டும், இது காற்று இல்லை.

வந்துவிட்டார்கள். தள்ளுகட்டில், ஆக்ஸிஜன் சிலிண்டர், கையில் தூக்குகிற அளவில் சின்னதாக ஒரு ஊதும் மிஷின். பெரிய மிஷினிலிருந்து கழற்றிச் சின்ன மிஷினில் மாட்டுகிற அந்த இரண்டு மூச்சு நேரம் எனக்குள் ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை, விட்டம் சுற்றியது. மாட்டியதும் திரும்ப ஊதியது. இத்தனை நேரம் திட்டிக்கொண்டிருந்த காற்றை அம்மா என்று இழுத்தேன். கட்டில் நகர்கிறது. விட்டத்தில் விளக்கு, விளக்கு, விளக்கு இல்லாத இடம், விளக்கு. படுத்துக்கொண்டே போனால் ஆஸ்பத்திரி என்பது வெறும் விட்டம்தான். கதவைத் தாண்டும்போது பாவாயி ஓரமாக ஒட்டி நின்றாள். "நா பின்னாலயே வர்றனுங்" என்றாள். கௌசல்யா கட்டிலைப் பிடித்துக்கொள்ள, மெர்சியம்மா கூடவே நடந்து வந்தார். வேண்டாம் என்று சொன்னவர்தான், ஆனாலும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார், சிலிண்டர் முள்ளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே. லிஃப்ட் வரவில்லை. யாரோ மூன்றாவது மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்களாம். என் உயிர் இங்கே சிலிண்டரில் குறைந்துகொண்டிருக்கிறது, மேலே யாரோ யாரிடமோ சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோபம் வந்தது. கோபம் வந்ததில் ஒரு நிமிஷம் பயம் மறந்தது. லிஃப்ட் வந்தது, கோபம் போனது, பயம் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

குளிர். இவ்வளவு குளிரை ஒரு அறைக்குள் வைத்திருப்பார்கள் என்று தெரியாது. கட்டிலிலிருந்து ஒரு பலகைக்கு மாற்றினார்கள், என் அகலம்கூட இல்லாத பலகை. நெஞ்சுக்குமேல் பெரிய தலையோடு ஒரு மிஷின் குனிந்து என்னை மோந்து பார்ப்பதுபோல் நிற்கிறது. பக்கத்தில் பெரிய டிவி. ஈயக் கவசம் மாட்டிய சிபி டாக்டர், இன்னொருத்தர், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் சில தலைகள். வலது கையை நீட்டிக் கட்டினார்கள். "கொஞ்சம் கடிக்குமுங்க" என்றார். கடித்தது. அப்புறம் கைக்குள் ஏதோ போகிறது. வலி என்று சொல்ல முடியாது, முழங்கைக்குள் ஓர் இழுப்பு, தோளில் ஓர் ஊர்தல், அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் பயம். எங்கே இருக்கிறது இப்போது, எத்தனை அடியில் இருக்கிறது? காட்டுக்காரர்கள் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து எத்தனையாவது ராடுங்க, எத்தனையாவது ராடுங்க என்று ஆட்களைச் சாடையால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எதற்கு இந்த நச்சரிப்பு என்று எரிச்சல்படுவேன். இப்போது எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். மல்லாந்து கிடப்பதில் மூச்சு மேலே மேலே வந்து தொண்டையில் நிற்கிறது. மெர்சியம்மா காற்றைக் கூட்டினார், என் தோளில் கை வைத்தார். "நல்லா இழுங்க. இங்கதான் இருக்கேன்." கையின் சூடு மட்டும் தெரிந்தது. டிவியில் கறுப்பு வெள்ளையாக என்னமோ மூடி மூடித் திறக்கிறது. சாயம் விட்டார்கள் போல, நெஞ்சில் சூடாக ஓர் அலை வந்தது, அந்தப் பொழுதில் திரையில் ஒரு மரம் முளைத்தது. இலை இல்லாத மரம், கிளையும் குச்சியுமாக, துடிக்கிற மரம். உடனே மறைந்தது. மறுபடியும் சூடு, மறுபடியும் மரம், வேறு பக்கத்திலிருந்து. என்னுடையதா அது? நான் பார்க்கவே கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் காளியண்ணன் மச்சான் சாவிக்கொத்தோடு நிற்கிறார். திறந்துகொண்டேன். மிஷின் தலை சுற்றி இந்தப் பக்கம் வந்தது. "இன்னொரு தரம்" என்றார் சிபி டாக்டர். மூன்றாவது மரம்.

பிறகு யாரும் பேசவில்லை. இதுவரை ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது, அதைக் கொடுங்க, இதைத் திருப்புங்க என்று. இப்போது இல்லை. சிபி டாக்டர் திரையைப் பார்த்தபடி நின்றார். பக்கத்து ஆளும் பார்த்தார். எடுத்த படத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள், நிறுத்தினார்கள், ஓடவிட்டார்கள். மெர்சியம்மாவின் கை என் தோளிலிருந்து எடுபட்டது, அவரும் திரைப்பக்கம் போய்விட்டார். இந்த அமைதி எனக்குத் தெரியும். இதை நான்தான் எத்தனையோ காட்டில் உண்டாக்கியிருக்கிறேன். சிபி டாக்டர் கண்ணாடிச் சன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். விரல் மூடியிருந்ததா விரிந்திருந்ததா, நான் பார்த்தபோது மூடியிருந்தது. என்னமோ ஓடிக்கொண்டிருந்த சத்தம் ஒன்று நின்றது. மிஷின் தலை என் நெஞ்சைவிட்டு விலகி மேலே போய்விட்டது. என் கைக்குள் இழுப்பு. முழங்கை, முன்கை, மணிக்கட்டு. உருவுகிறார்கள். ராடு உருவுகிறார்கள். இதற்குள்ளாகவா? இப்போதுதானே வந்தேன்! அடைப்பு இருந்தால் நேரமாகும் என்றீர்களே, திறந்துவிட்டுத்தான் வெளியே வருவோம் என்றீர்களே? போடுங்க, இன்னும் போடுங்க, நான் தலையாட்டுகிறேன், பாருங்க, ஆட்டுகிறேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தர் மணிக்கட்டில் பட்டையை இறுக்குகிறார், பட்டையைத்தான் பார்க்கிறார். ஒருத்தர் துணியைச் சுருட்டுகிறார். போய்விட்டது. மூன்றும் போய்விட்டது. மகன் வருவதற்குள் போய்விடுமா, இந்த வாரம் தாங்குமா? பாவாயியிடம் யார் சொல்வார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள், அவளே தெரிந்துகொள்வாள். காக்கா கத்துகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். குளிர் மிஷின் மட்டும் இரைந்தது.

"அய்யா." சிபி டாக்டர் வாய்மூடியை இறக்கிவிட்டுக் குனிந்தார். பல் தெரிந்தது. "கேக்குதுங்களா அய்யா? மூணு குழாயும் சுத்தமா இருக்கு. ஒரு எடத்துலயும் அடைப்பு இல்ல. காய்ச்சல் வேகத்துல இதயம் சோர்ந்து கெடக்கு, அவ்வளவுதான். நிமோனியா இறங்க இறங்க அதுவும் தேறிக்கும். மேடம் சொன்னதுதான் சரி." மெர்சியம்மா, "கிட்னியக் கொஞ்ச நாள் கவனமா பார்க்கணும், அதுக்குள்ள ஆட்டம் போடாத சிபி" என்றார். ஆனால் அவருக்கும் குரல் லேசாகியிருந்தது. எனக்குப் புரியவில்லை. சொன்னது புரிந்தது, அது எனக்குள் இறங்க மாட்டேன் என்றது. உள்ளே போய்த் தேடியது கிடைக்கவில்லை என்று ஒருவர் பல் தெரியச் சொல்வதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஒன்றும் இல்லாத குழியிலிருந்து ராடை உருவிவிட்டுச் சிரிக்கிறார்கள். அப்படியென்றால் நான் இருக்கிறேனா? அசையாத பாதி செத்துப் போகவில்லையா, சோர்ந்துதான் கிடக்கிறதா? நான் இன்னும் கொஞ்சம் சொல்லச் சொல்லிக் கேட்க நினைத்தேன். அதற்குள் வெளியே யாரோ ஓடி வந்து அடுத்த கேஸ் என்றார்கள், அவர் வேறு கதவு வழியாகப் போய்விட்டார். மெர்சியம்மாவின் போன் அடித்தது, நான் முன்னால் போறேன், அழைச்சிட்டு வாங்க என்று கௌசல்யாவிடம் சொல்லிவிட்டு அவரும் நடந்துவிட்டார்.

கட்டில் வெளியே வந்தது. பாவாயி நாற்காலியில் கூட உட்காரவில்லை, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவுக்குமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் கட்டிலைத் தள்ளுகிற இருவரையும் பார்த்தாள். ஒருவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் லிஃப்ட்டை. கௌசல்யா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எடுக்கக் கூடாது, என் மூச்சு அதில் இருக்கிறது. ஒருத்தரும் பாவாயி முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன். வரப்பு ஓரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார்களே, நான் வண்டிமேல் நின்று பார்க்காததுபோல் பார்த்த முகங்கள், அத்தனையும் சேர்ந்து என் பெண்டாட்டி முகத்தில் இருந்தது. கேட்க மாட்டாள். போர்வண்டிக்காரன் பெண்டாட்டி, கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். கேளு பாவாயி, இன்றைக்கு ஒரு நாள் கேளு, இந்தப் பெண்ணிடம் கேட்டால் சொல்லிவிடுவாள்! என் வாய்மேல் காற்று உட்கார்ந்திருக்கிறது. அடைப்பு இல்லை என்று முகமூடிக்குள் கத்தினேன், அது மிஷினுக்குள் போய்த் தொலைந்தது. அவள் என் காலைத் தொட்டாள், தொட்டுக்கொண்டே கூட நடந்தாள். காலிலிருந்து கையை எடுக்கவில்லை. வலது கை பட்டை போட்டு மரத்துக் கிடந்தது. இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து இழுத்தேன், டிரிப்ஸ் குழாய் மாட்டியது. "அய்யா, கைய அசைக்காதீங்க, ஊசி நகர்ந்துரும்" என்றாள் கௌசல்யா. நகரட்டும். விரலில் மாட்டியிருந்த கிளிப் கழன்று விழுந்தது, மிஷின் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது, கௌசல்யா பதறினாள். நான் ஐந்து விரலையும் குவித்தேன். மேல்நோக்கி மலர்த்தினேன். அவள் பார்க்கவில்லை, கத்துகிற மிஷினைப் பார்த்தாள், போயிருச்சா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் குவித்தேன், மலர்த்தினேன். குவித்தேன், மலர்த்தினேன்.

பாவாயி நின்றுவிட்டாள். கட்டில் அவளைத் தாண்டி லிஃப்ட்டுக்குள் ஏறியது. "நெசமாலுமுங்களா?" என்றாள் அங்கிருந்தே, என்னிடமா கௌசல்யாவிடமா தெரியவில்லை. கௌசல்யா கிளிப்பைத் தேடிக்கொண்டே, "அடைப்பு ஒண்ணும் இல்லைங்கம்மா, டாக்டர் சொல்லலியா உங்ககிட்ட?" என்றாள். பாவாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகிறாள், சிரிக்கிறாள், இரண்டும் சேர்ந்து முகம் கோணிப்போயிருந்தது. இன்னொரு கையைத் தூக்கி, விருந்தாளிகள் இருக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று காட்டுவாளே, அதேபோல் முஷ்டியை மூடிக் காட்டினாள். போதும், காற்றை நிறுத்துங்க. நான் நிறுத்தவில்லை. லிஃப்ட் கதவு மூடுகிறவரைக்கும் அவளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தேன்.